எழுபத்தேழு விநாடி

எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை அம்பத்தூரில் கூடிச் சாப்பிட்டுக் கலைகிறோம். இந்த வருடம் ஒரு மலர் போடப்போகிறார்களாம். இசைத்தட்டுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டதாம், அதனால் ஆளுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். மற்றவர்கள் எதை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆயுத பூஜைப் பொரிகடலை, கேன்டீன் சாம்பார், போனஸ் சண்டை. தாராளமாக எழுதட்டும். நான் எழுத வேண்டியது ஒரே ஒரு தட்டைப் பற்றி. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குப் பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

என் பெயர் சரோஜா. ஊர் வேப்பம்பட்டு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். பத்தாவது முடித்துவிட்டு அறுபதுகளின் கடைசியில் இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று முதலில் கையில் வாங்கியவள் நான்தான். என்ன வேலை என்று ஊரில் கேட்டால் "பாட்டு கேட்கிற வேலை" என்பேன். யாரும் நம்பவில்லை. "பாட்டு கேட்டுகினு குந்திகீறதுக்கா சம்பளம் தரான்? எங்களையும் இட்டுகினு போயேன்" என்று ரயிலடியில் கிண்டல் செய்வார்கள்.

உண்மையில் நாங்கள் பாட்டைக் கேட்பதில்லை. பாட்டுக்கு நடுவில் இருக்கக் கூடாத சத்தத்தைக் கேட்போம். தட்டில் ஒரு தூசு, ஒரு கீறல், அச்சில் ஒரு பிசிறு இருந்தால் ஊசி அதன் மேல் ஏறும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அந்த டிக்கைப் பிடிப்பதுதான் வேலை. முதல் மூன்று மாதம் பாட்டே இல்லாத வெறும் தட்டைத்தான் கேட்க வைத்தார்கள். நாலாவது மாதம் ஒரு பக்திப் பாடல் தட்டில் முப்பது இடத்தில் டிக் இருப்பதாக எழுதிக் கொடுத்தேன். வேதகிரி சார் வந்து கேட்டார். ஒன்றுகூட இல்லை. நான் தாளம் போட்டபோது என் கண்ணாடி வளையல்தான் மேஜையில் பட்டிருக்கிறது.

அன்றோடு வளையலைக் கழற்றினேன். அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "கண்ணாலம் ஆவாத பொண்ணு வெறுங்கையோட ரயில்ல போவியா? ஊரு இன்னா சொல்லும்?" என்றாள். ரயில் ஏறும்போது போட்டுக்கொண்டு கம்பெனி வாசலில் கழற்றுவது என்று ஒரு வழியாக சமாதானம் ஆயிற்று.

வேதகிரி சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். ராணுவத்தில் தந்திப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தட்டைத் தொடமாட்டார். தட்டு சுற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார், ஊசி எங்கே போகிறது என்று கண் பார்த்துவிட்டால் காது தானாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும் என்பார். கையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச். நாம் சொன்ன குறை சரியாக இருந்தால் "எழுதுங்க" என்பார். தப்பாக இருந்தால் "சாப்பிட்டு வாங்க" என்பார். காது களைத்துவிட்டது என்று அர்த்தம். காலை ஒன்பது மணிக்குக்கூட அப்படிச் சொல்லிவிடுவார். வளையல் விவகாரத்தில் நான் காலை ஒன்பதரைக்குப் போய் வெறும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

தட்டு எப்படி உண்டாகிறது என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பாட்டை நாடாவில் பதிந்து, அதிலிருந்து மெழுகு மாதிரி மிருதுவான ஒரு கறுப்புத் தட்டில் பள்ளம் வெட்டுவார்கள். அதற்கு லாக்கர் என்று பெயர். எங்களிடம் வருவது அதுதான். அதை நிக்கல் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் அதன் மேல் உலோகம் படிந்து வளரும். பிரித்து எடுத்தால் பள்ளமெல்லாம் மேடாக இருக்கும் ஒரு உலோகத் தட்டு கிடைக்கும். அதை நாங்கள் அப்பன் என்போம். பிரிக்கும்போது லாக்கர் பிய்ந்துவிடும், பிறகு அதற்குக் குப்பைத்தொட்டிதான். அப்பனை மறுபடி தொட்டியில் இறக்கினால் அம்மா பிறப்பாள். அம்மாவில் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், ஊசி வைத்துக் கேட்கலாம். அம்மாவிலிருந்துதான் அச்சுத் தட்டு எடுத்துக் கடையில் விற்கும் தட்டை அழுத்துவார்கள்.

அம்மாவைக் கேட்டு, டிக் இருந்தால் அந்த இடத்தை மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்து, ஊசி முனையளவு உளியால் பள்ளத்தின் சுவரைத் தடவி மழுக்கிவிட வேண்டும். சத்தம் போய்விடும். அந்த உளி என் கைக்கு வர ஐந்து வருடம் ஆனது. பெண்களில் எனக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

உளிக்கு வேதகிரி சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரே இடத்தில் ஒரே டிக்கை இரண்டு பேர் மும்முறை கேட்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்ட பின்தான் உளியை எடுக்கலாம்.

எழுபதுகளின் பாதியில், பொங்கல் கழிந்து வேலை மந்தமாக இருந்த ஒரு நாள் ஜெபராஜ் வந்தார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சொந்த ஊர் தெற்கே, குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கத் தொடங்கி, பிறகு யாருக்கும் புரியாத மாதிரி வாசிக்கப் போய்விட்டவர். அவர் மனைவி எஸ்தர் லாக்கர் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஜெபராஜின் இடது கை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது.

நூறே நூறு தட்டு அழுத்தித் தர வேண்டும் என்றார். பாட்டு கிடையாது, தபலா கிடையாது, தனிக் கிட்டார் மட்டும். எங்களிடம் ஐந்நூறுக்குக் கீழே எடுப்பதில்லை. வேலை மந்தம் என்பதால் மேனேஜர் தலையாட்டிவிட்டார்.

ஜெபராஜ் எங்களைப் பார்க்க விரும்பி, நாங்கள் தட்டுக் கேட்கும் அறைக்கே வந்தார். "இதுல சத்தமெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். கம்பிக்கு நடுவுல நட்டு சொருகியிருக்கேன். ரம்பத் தகடு வச்சுத் தேச்சிருக்கேன். கர்ருன்னு வரும், கொர்ருன்னு வரும். எல்லாம் நான் வச்சதுதான். அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சிராதீங்க" என்றார்.

"மறுபடி வெட்ட வேண்டி வந்தா நாடா இருக்குதா?" என்று வேதகிரி சார் கேட்டார்.

"இல்லை சார். நாடா ஸ்டூடியோவோடது. லாக்கர் வெட்டுன கையோட அதுமேல வேற பதிஞ்சிட்டாங்க."

"மறுபடி வாசிச்சா?"

ஜெபராஜ் மாவுக்கட்டைக் காட்டினார். பதிவு முடிந்த இரண்டாவது வாரம் திருமழிசை ரோட்டில் சைக்கிளோடு விழுந்திருக்கிறார். மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. "எலும்பு சேரும், விரல் பழையபடி மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இருக்கது இதுதான் சார்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். பெட்டியை மேஜையில் வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்க எஸ்தருக்கு நேரமாயிற்று.

தொட்டிப் பிரிவில் முனுசாமி இருந்தான். திருமழிசைக்காரன், வாய்க்கொழுப்பு அதிகம், கை சுத்தம். லாக்கரிலிருந்து அப்பனைக் கீறலில்லாமல் பிரித்தான், அப்பனிலிருந்து அம்மாவைப் பிரித்தான். அம்மாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "கேளுமே உன் கச்சேரிய. எங்க ஊரு மாவு மெஷினு ஓடுறாப்புல கீது" என்றான்.

முதல் பக்கத்தை வைத்தேன். நிஜமாகவே முதலில் தலைவலி வந்தது. ஆனால் இரண்டாவது தடவை கேட்டபோது ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முகம் தெரிய ஆரம்பித்தது. நட்டு அதிர்வது ஒரு மாதிரி, தகடு உரசுவது ஒரு மாதிரி. தட்டின் அழுக்கு வேறு, இவருடைய சத்தம் வேறு என்று பிரித்துவிட்டேன். நடுவில் ஒரு உரசலைக் கேட்டுக் கீறல் என்று பக்கத்து மேஜைப் பெண் சொன்னாள். இல்லை, தகடு என்றேன். வேதகிரி சார் கேட்டுவிட்டு "எழுதுங்க" என்றார். அந்த மாதிரித் தட்டில் குற்றம் கண்டுபிடிக்க இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த டிக் வந்தது. நடுவில் ஒரு நாலு நிமிடம், மெதுவாக ஒற்றைக் கம்பியில் வாசிக்கும் இடம். அங்கே டிக், டிக் என்று ஒன்று தொடர்ந்து வந்தது. ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். ஒரு டிக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒன்று புள்ளி எட்டு விநாடி. எல்.பி. என்கிற நெடுந்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரம் சரியாக அதுதான். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சுற்றுக்கு ஒரு டிக் என்றால் தட்டில் குறுக்கே ஒரு கீறல் விழுந்திருக்கிறது, ஊசி ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டுகிறது என்று அர்த்தம். மனுஷன் கையால் அவ்வளவு கணக்காக நாலு நிமிடம் தட்ட முடியாது.

வேதகிரி சாரைக் கூப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்தார், சுவரைப் பார்த்து நின்றார். மும்முறை கேட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். டிக் இருந்த இடங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக, லேசாக வளைந்து ஒரு கோடு மாதிரியே நின்றன.

"மறுபடி தொட்டியில போட்டு வேற அம்மா எடுக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"அப்பன் மெலிசா வளர்ந்திருக்கு. ஒவ்வொரு தடவை இறக்குறதும் ஆபத்து. அந்த ஆளுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். உளியிலயே சரி பண்ணிடுங்க" என்றார். நோட்டில் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு உட்கார்ந்து, டிக் மிகத் தெளிவாகக் கேட்ட நடு இடத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு டிக்குக்கு மூன்று நிமிடம் பிடித்தது. மூச்சை அடக்கி, பள்ளத்தின் சுவரில் துருத்திக்கொண்டிருந்த அந்தச் சின்ன நெளிவைத் தடவித் தடவிச் சமமாக்கினேன். பத்து முடிந்ததும் ஊசி வைத்துக் கேட்டேன். துப்புரவாக இருந்தது. கை நன்றாக ஓடியது. நாற்பத்து மூன்று முடித்தபோது பதினோரு மணி தேநீருக்கு மணி அடித்தார்கள்.

அடுத்த டிக் இருந்த இடத்தில் பள்ளங்கள் சற்று விலகி விலகி இருந்தன. இரண்டு பள்ளத்துக்கு நடுவே ஒரு வரப்பு இருக்கும். அதுவரை ஒடுக்கமாக இருந்த வரப்பு அங்கே அகலமாகத் தெரிந்தது. பளிச்சென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது.

என் கை நின்றுவிட்டது. கீறல் என்றால் வரப்பையும் சேர்த்து வெட்டிக்கொண்டுதானே போக வேண்டும்? வரப்பு வெட்டுப்படாமல் கழனிக்குக் கழனி குறுக்கே எதுவும் போக முடியாது, கூலிக்காரன் மகளுக்கு இது தெரியாதா? அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். எல்லா வரப்பும் சுத்தம். டிக் பள்ளத்துக்குள் மட்டும்தான் இருந்தது. என்றால் அது மேலே விழுந்த கீறல் இல்லை. உள்ளே பதிந்த சத்தம். அவர் வைத்தது.

உளியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். வேதகிரி சார் வந்து மைக்ராஸ்கோப்பில் வெகு நேரம் பார்த்தார்.

"எத்தனை எடுத்தீங்க?"

"நாப்பத்து மூணு சார்."

ஸ்டாப்வாட்சைக் கையில் உருட்டிக்கொண்டே கணக்குப் போட்டார். "எழுபத்தேழு விநாடி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மீதியை விட்டுடுங்க. அப்படியே போகட்டும். நூறு தட்டு, அதுவும் இந்த மாதிரிச் சத்தம். யாரு உட்கார்ந்து எண்ணப்போறா? நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், நீங்களும் போட்டிருக்கீங்க. ரெண்டு பேர் வேலையும் இதுல இருக்கு" என்றார்.

சட்டமே வடிவான அந்த மனுஷர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அப்போது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் ரயிலில் ஏறினேன். வீட்டில் தம்பி படிப்பு, அம்மாவின் மருந்து, எல்லாம் என் சம்பளத்தில்தான் ஓடியது. வாயை மூடிக்கொண்டு வேப்பம்பட்டில் இறங்குவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆவடியில் வண்டி நின்றதும் எஸ்தர் அந்தப் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வண்டி நகர ஆரம்பித்த பிறகு குதித்து இறங்கினேன். ஒரு போர்ட்டர் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

குவார்ட்டர்ஸில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். எஸ்தர்தான் கதவைத் திறந்தார். முன்னறையில் மேஜை மேல் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. அதன் சுழலும் தட்டில் ஒரு கார்க்கைப் பசை போட்டு ஒட்டி, கார்க்கில் ஒரு ஆணியை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே கிட்டார் படுத்திருந்தது. தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஆணி ஒரு தடவை கம்பியைத் தட்டும். சுற்றுக்கு ஒரு டிக். அதைப் பார்த்ததும் எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது. நின்றபடியே அழுதுவிட்டேன்.

"என்னம்மா ஆச்சு?" என்று ஜெபராஜ் எழுந்து வந்தார்.

"சார், அந்த ஆணி சத்தத்த நான் எடுத்துட்டேன் சார். கீறல்னு நெனச்சுக்கினு உளியால மழுக்கிட்டேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. வரப்பு, பள்ளம், சுற்றுக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு எடுத்தீங்க?"

"நாப்பத்து மூணு."

"எண்ணுனீங்களா?"

"ஒவ்வொண்ணா எடுத்தேன் சார். எண்ணாம எப்படி?"

எஸ்தர் உள்ளே போய்க் காப்பி டம்ளரோடு வந்தார். "குடுக்காத" என்றார் ஜெபராஜ். எஸ்தர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "ஒண்ணு ரெண்டுன்னா கை தவறிட்டுன்னு சொல்லலாம். நாப்பத்து மூணு! அத்தனை நேரமும் உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலையா? அழுக்கு இவ்வளவு ஒழுங்கா வருமான்னு தோணலையா?"

"ஒழுங்கா வந்ததாலதான் சார் அழுக்குன்னு நெனச்சேன்" என்றேன். அது உண்மை. ஆனால் சொன்னபோது எனக்கே கேவலமாக இருந்தது. நான் வாசலைத் தாண்டும்போது அவர், "நாளைக்கு வாரேன்" என்றார்.

காலையில் வேதகிரி சாரிடம் போய், "அவர்கிட்ட சொல்லிட்டேன் சார்" என்றேன். என்னைச் சீட்டுக் கிழித்து அனுப்பப்போகிறார் என்றுதான் நின்றேன். அவர் நோட்டை எடுத்தார். எங்கள் கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில், 'மும்முறை கேட்டு நானே அனுமதித்தேன், தவறு என்னுடையது' என்று எழுதித் தேதி போட்டார். பிறகு மேனேஜர் அறைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

பத்து மணிக்கு ஜெபராஜ் வந்தார். வேதகிரி சார் ஒளிக்காமல் சொன்னார்: "அப்பன் இருக்கு. இன்னொரு அம்மா வளர்க்கலாம். ஒட்டிக்காமப் பிரிஞ்சு வந்தா எல்லாச் சத்தமும் திரும்பக் கிடைக்கும். ஒட்டிக்கிட்டா அப்பனும் போயிடும். அப்போ உளி பட்ட அம்மாதான் மிச்சம். நீங்க சொல்லுங்க."

ஜெபராஜ் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றார். "இறக்குங்க" என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்கு வேதகிரி சாரே அப்பனைக் கழுவினார். ஒட்டாமல் இருப்பதற்கான மஞ்சள் மருந்தில் முக்கி, ஸ்டாப்வாட்ச் பார்த்து எடுத்து, மறுபடி கழுவினார். எட்டரை மணிக்கு முனுசாமி தொட்டியில் இறக்கினான். எட்டு மணி நேரம் வளர வேண்டும். ஜெபராஜ் ஒரு கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்துகொண்டார். முனுசாமி அன்று ஒரு கிண்டலும் செய்யவில்லை. மீட்டர் முள்ளைப் பார்ப்பான், தொட்டியைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான்.

இரண்டரை மணிக்கு விளக்கு அணைந்தது.

மோட்டார் சத்தம் எல்லாம் அடங்கி ஷெட்டே ஊமையாகிவிட்டது. மீட்டர் முள் பூஜ்யத்தில் விழுந்தது. அந்தக் காலத்தில் கரண்ட் போவது புதிது இல்லை. ஆனால் தொட்டியில் தட்டு இருக்கும்போது போனால் வளர்ச்சி அந்த இடத்தில் வெட்டிப்போகும். "போச்சுடா" என்று முனுசாமி தலையில் கை வைத்தான். நான் சுவரில் இருந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபராஜ் எழுந்து வந்து, "என்ன ஆவும்?" என்று கேட்டார். வேதகிரி சார் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். நாலு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது.

"எடுக்கலாமா சார்?" என்றான் முனுசாமி.

"வேண்டாம். இப்போ எடுத்தா நிச்சயம் கிழியும். முழுசா வளரட்டும்" என்றார் வேதகிரி சார்.

நாலரைக்கு வெளியே எடுத்தார்கள். விளிம்பை அரத்தால் ராவினான் முனுசாமி. அடுத்தது மெல்லிய தகட்டை இரண்டு தட்டுக்கும் நடுவில் நுழைத்துச் சுற்றி நெம்ப வேண்டும். "என்னால ஆவாது, நீ பண்ணுமே" என்று தகட்டை என்னிடம் நீட்டினான். வேதகிரி சார் தலையசைத்தார்.

நுழைத்தேன். விரல் கனம் உள்ளே போனது. சுற்றி வந்தேன். பாதிச் சுற்றில் "டிங்" என்று சத்தம் கேட்டு இரண்டும் பிரிந்தன. ஒரு நொடி நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். அவ்வளவு சீக்கிரம் சிரித்திருக்கக் கூடாது.

முனுசாமி அம்மாவைத் திருப்பினான். அதில் பள்ளமே இல்லை. கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. கரண்ட் போன இடத்தில்தான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அதற்கு முன்னால் வளர்ந்த நிக்கல் படலம் அப்பனின் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் படலத்தை உரித்தால் அதுவே அம்மா, மெலிந்த அம்மா. ஓரத்தில் கையிலிருந்த தகட்டை நுழைத்து உரித்தேன். உள்ளங்கையளவு வந்தது. பள்ளம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு கிழிந்தது. கிழிந்த வேகத்தில் என் கைத் தகடு அப்பனின் மேல் ஒரு ஜாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. அது நிஜமான கீறல். ஒவ்வொரு மேட்டையும் வரப்பையும் வெட்டிக்கொண்டு போயிருந்தது.

மறுபடி நுழைக்கப் போனேன்.

"போதும்" என்றார் ஜெபராஜ். "விடுங்கம்மா. போதும்."

ஆகவே நான் உளி வைத்த அம்மாவிலிருந்துதான் நூறு தட்டையும் அழுத்தினோம். முதல் பக்கத்தில் டிக் டிக் என்று வந்துகொண்டே இருக்கும். பிறகு திடீரென்று ஒன்றும் இருக்காது. கிட்டார் மட்டும் தனியாக நடக்கும். எழுபத்தேழு விநாடி கழித்து டிக் திரும்ப வரும். அழுத்திய முதல் தட்டைக் கேட்கும் அறையில் வைத்தபோது ஜெபராஜ் நின்றுகொண்டே கேட்டார். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. முடிந்ததும், "லேபிள் அச்சாயிட்டா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை" என்றார் வேதகிரி சார்.

"அப்போ ஒரு வரி சேர்க்கணும்." என் பக்கம் திரும்பினார். "உங்க முழுப் பேரு என்னம்மா?"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேணாம் சார். உங்க காலத் தொட்டுக் கேக்கறேன், என் பேரு வேணாம்" என்றேன்.

"மரியாதைக்குப் போடலை" என்றார். குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. "கிட்டாருக்கு என் பேரு இருக்கு. இந்த இடத்துல நான் இல்லை, நீங்கதான் இருக்கீங்க. யாராவது கேட்டுட்டு, இங்க என்ன ஆச்சுன்னு கேப்பான். எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

லேபிளில் அப்படியே வந்தது. 'கிட்டார்: ஜெபராஜ். முதல் பக்கம், நடுவில் எழுபத்தேழு விநாடி: சரோஜா, வேப்பம்பட்டு.' நூறு தட்டையும் எஸ்தரும் அவரும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒன்று கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேதகிரி சாருக்கு அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதற்குப் பிறகு உளியைத் தொடும்போதெல்லாம் முதலில் வரப்பைத்தான் பார்த்தேன், கம்பெனி மூடும்வரை.

ஜெபராஜ் ஆவடியை விட்டுப் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த நூறு தட்டும் எங்கெங்கே போயிற்றோ தெரியாது. ஊர்ப் பெயரோடு போட்டிருக்கிறாரே, யாராவது ஒருவர் தேடி வந்துவிடுவார் என்று ரொம்ப வருடம் பயந்தேன். தெரியாத முகம் வாசலில் நின்றால் தம்பியைப் பேசச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும், அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம், யாராவது என்னைத் தேடி வந்தார்களா என்று கடைசி வரியில் கேட்பேன். அப்புறம் பயம் போய், ஏன் யாரும் வரவில்லை என்று ஒரு ஆதங்கம் வந்துவிட்டது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் சத்தம் இருந்தது. நாற்பத்து மூன்று தடவை இருந்தது. எடுத்தது நான்.